குப்பத்துக்கு யார் பதில் சொல்வது?

துறைமுகம் வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்று நிறையப் பேசிவிட்டோம். ஆதரிப்பவர்கள் வேலை, சாலை, பள்ளிக்கூடக் கட்டடம், மருத்துவ முகாம் என்று வந்ததை எண்ணுகிறார்கள். எதிர்ப்பவர்கள் ஆறு, கரை, இறால், நண்டு என்று போனதை எண்ணுகிறார்கள். நானும் பல வருஷம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலமாக வேறொரு கேள்வி உறுத்துகிறது. துறைமுக மதிலுக்கு வெளியே குடியிருக்கும் ஒருவர் ஒரு கேள்வி கேட்டால், அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு உள்ளே இருக்கும் யாருக்காவது உண்டா?

இந்தக் கேள்வி எனக்குள் வந்து உட்கார்ந்த இடம், வடசென்னையில் எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றில் நடந்த நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா. நடத்தியது அந்த வட்டாரத்தில் இருக்கும் ஒரு நிறுவனம். பெயர் இங்கே தேவையில்லை. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட், பிள்ளைகளுக்குப் பை, வந்தவர்களுக்கு பிஸ்கட், டீ என்று எல்லாம் முறையாகவே நடந்தது. அதிகாரிகளில் ஒருவர் பேசி முடித்து உட்காரும்போது, பின்வரிசையில் நின்றிருந்த வயதான அம்மா ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "மொகத்துவாரத்த எப்ப சார் தோண்டுவீங்க? தண்ணி உள்ள வந்தாத்தான எறா வரும்?" அதிகாரி எழுந்து நின்று மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "அம்மா, இது பசங்களுக்கான ஃபங்ஷன். அது வேற டிபார்ட்மென்ட். நான் சொல்லிப் பாக்குறேன்." அந்த அம்மா விடவில்லை. "எந்த டிபார்ட்மென்ட்டுன்னு சொல்லு சார், நான் போய்க் கேக்குறேன்." அதற்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த பிள்ளையின் பெயரை மைக்கில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நல்ல மனிதர். கொடை கொடுப்பதுதான் அவர் வேலை. தூர்வாருவதைப் பற்றிப் பேச அவருக்கு அதிகாரமும் கிடையாது, தகவலும் கிடையாது. அதிகாரமும் தகவலும் இருப்பவர் குப்பத்துக்குள் கால் வைப்பதே இல்லை. ஊரோடு உறவு என்று பெயர்ப்பலகை மாட்டிய பிரிவுக்குப் பதில் சொல்லத் தெரியாது. பதில் தெரிந்த பிரிவுக்கு ஊரோடு உறவு கிடையாது. இத்தனை வருஷமாக வடசென்னைக் கரையில் நடப்பதைத் திரும்பிப் பார்த்தால், கோளாறு இந்தப் பிரிவினையில்தான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது.

மணலும் கரித்தூசியும்

திருவொற்றியூர்க்காரர்களுக்குக் கடல் அரிப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் அதை மறித்ததும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து கரை கரையத் தொடங்கியது. ஊருக்கு அழகான கடற்கரை கிடைத்ததும், எங்கள் பக்கத்துத் தெருக்கள் கடலுக்குள் போனதும் ஒரே சுவரால்தான். அதற்குப் பிறகு கருங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு போட்டார்கள். கல் போட்ட இடம் நின்றது, அடுத்த குப்பம் அரித்தது. அப்புறம் அங்கேயும் கல். இப்படிக் கல் வடக்கே நகர்ந்துகொண்டே வந்து எண்ணூரைத் தொட்டிருக்கிறது. அதற்கும் வடக்கே எண்ணூர்த் துறைமுகத்தின் சுவர்கள், அதையடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் சுவர்கள். அவற்றுக்கும் வடக்கே பழவேற்காடு வரை நீளும் மணல்திட்டில் இருக்கும் ஊர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ராயபுரத்தின் கதை அவர்களுக்கும் தெரியும்.

மணலுக்கு நடந்ததுதான் கரித்தூசிக்கும் நடந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், ராயபுரம் பக்கம் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியாது. மக்கள் போராடினார்கள், வழக்கு நடந்தது. 2011 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அக்டோபர் 1 முதல் தூசி கிளப்பும் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது, எண்ணூருக்குக் கொண்டுபோக வேண்டும். வடசென்னைவாசிகள் பெற்ற மிகப் பெரிய வெற்றி அது. எனக்குத் தெரிந்த ராயபுரம் குடும்பங்கள் இன்றும் அதைச் சொல்லிச் சந்தோஷப்படுகின்றன. அந்தச் சந்தோஷம் நியாயமானதுதான். ஆனால் தூசி எங்கே போனது? எண்ணூரில் அதைப் பெற்றுக்கொள்ளப்போகும் குப்பங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக நான் எங்கேயும் படிக்கவில்லை. எண்ணூர்த் துறைமுகம் பிறந்ததே நிலக்கரிக்காகத்தான். 2001-ல் திறந்தபோது அதன் முதல் வேலை அனல் மின்நிலையத்துக்குக் கரி இறக்குவது. கரிக்கென்றே ஏற்பட்ட இடம், கரி வந்தால் என்ன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே ஆள் இருக்கிறார்கள் என்பது எவர் கணக்கிலும் ஏறவில்லை.

அந்த ஜனவரி

2017 ஜனவரி 28, விடிவதற்கு முன்னால். எண்ணூரில் எரிவாயு இறக்கிவிட்டு வெளியே போன பி.டபிள்யூ. மேப்பிள் கப்பலும், எண்ணெய்ச் சரக்கோடு உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் கப்பலும் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டன. அன்று துறைமுகத் தரப்பிலிருந்து வந்த முதல் தகவல், யாருக்கும் காயமில்லை, கடலில் எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்பது. பத்திரிகைகள் அதை அப்படியே போட்டன. கடலுக்குப் போய்த் திரும்பியவர்களின் வலை வேறு மாதிரி இருந்தது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கற்களுக்கிடையே கருப்பாக, தார் போல, கப்பல் எரிபொருள் வந்து ஒதுங்கத் தொடங்கியது. அடுத்த நாட்களில் அது தெற்கே மெரினாவையும் தாண்டிப் பரவியது.

பக்கெட்டால் எண்ணெய் அள்ளிய காட்சியை எல்லோரும் டிவியில் பார்த்தார்கள், சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கரையில் நின்றவர்களில் கடலோரக் காவல்படையினர் இருந்தார்கள், மாநகராட்சி ஊழியர்கள் இருந்தார்கள், கல்லூரிப் பிள்ளைகள் இருந்தார்கள், லுங்கியை மடித்துக்கட்டிய மீனவர்கள் இருந்தார்கள். முழங்கை வரை கருப்பு. கைக்கு உறையில்லாதவர்களையும் பார்த்தேன். கற்களின் இடுக்கில் குழாய் நுழையாது, கைதான் நுழையும் என்பதால் அவர்கள் செய்த வேலை வேறு எந்த எந்திரமும் செய்திருக்க முடியாத வேலை. அத்தனை பேர் இறங்கி வேலை செய்தது நம் ஊரின் நல்ல குணம் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று உடைந்தது வேறு. என் பக்கத்தில் நின்ற மீனவர் ஒருவர், நடுத்தர வயது, என்னிடம் சொன்னார்: "கப்பல் மோதுறது சகஜம் தம்பி. கடல்ல யாரும் வேணும்னு மோத மாட்டான். ஆனா ஒண்ணுமில்லைன்னு ஏன் சொன்னான்?" அவர் மோதலை மன்னிக்கத் தயாராக இருந்தார். கடலில் பிழைக்கிறவர்களுக்கு விபத்து தெரியும், அதை அவர்கள் பெரிய மனதோடுதான் பார்க்கிறார்கள். முதல் நாளே "எண்ணெய் கசிந்திருக்கிறது, இந்தப் பக்கம் வரப்போகிறது, வலையை எடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் ஊர்த் தலைவர்களுக்கு போன் செய்திருந்தால் நிறைய வலை தப்பியிருக்கும். அதைவிட முக்கியம், அடுத்த முறை அதே ஆள் போன் செய்து "ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்" என்றால் ஊர் நம்பியிருக்கும். அந்த ஜனவரிக்குப் பிறகு இந்தக் கரையில் "ஒன்றுமில்லை" என்ற சொல்லை யாரும் நம்புவதில்லை. மீன் வாங்க வந்தவர்களும் நம்பவில்லை. நல்ல மீனைக்கூட விற்க முடியாமல் பெண்கள் கூடையோடு திரும்பினார்கள். எண்ணெய் தொடாத காசிமேட்டு மீனுக்கும் அதே கதி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் இறங்கியபோதும் வரிசை மாறவில்லை. முதலில் பார்த்தது படகுக்காரர்கள். பிறகுதான் அதிகாரிகள், பிறகு பசுமைத் தீர்ப்பாயம். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாய் பெரியகுப்பம் அருகே கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பியது கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள், பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இந்த மூன்றும் வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு காரணங்கள். எண்ணூர்க்காரர்களின் உடம்பும் வலையும்தான் மூன்றிலும் முதலில் செய்தி சொன்னவை. இவ்வளவு தொழிற்சாலை, இவ்வளவு கட்டுப்பாட்டு அறை, இவ்வளவு கேமரா இருக்கிற வட்டாரத்தில் மதிலுக்கு உள்ளே தெரிவதற்கு முன்னால் வெளியே தெரிந்துவிடுவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

ஒத்திவைக்கப்பட்ட கூட்டம்

பதில் சொல்லும் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சட்டப்படி ஒன்று உண்டு: மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் எல்லோரும் அறிந்தது. அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுக்க வேண்டியது. இதற்கான கூட்டம் 2021 ஜனவரி 22-க்கு அறிவிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடி அறிவிக்கப்பட்டு மறுபடி ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு முறையும் பழவேற்காடு வட்டாரத்து மக்கள் அதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். அது எனக்குப் புரிகிறது. கூட்டம் நடந்தால் அனுமதி கிடைத்த மாதிரிதான் என்ற அனுபவத்திலிருந்து வரும் கொண்டாட்டம் அது. ஆனால் தங்கள் கருத்தைக் கேட்பதற்காகவே சட்டம் ஏற்படுத்திய ஒரே கூட்டம் நடக்காமல் போனதற்கு மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள் என்றால், அந்தக் கூட்டம் என்னவாகிக் கிடக்கிறது என்று யோசிக்க வேண்டாமா?

இந்தக் கூட்டத்துக்கு விதி சொல்லும் 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை எடுத்துப் படித்தேன். கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னால் நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும். கலெக்டர் அல்லது அவர் சார்பில் வருபவர் தலைமை தாங்க வேண்டும். முழு நடவடிக்கையும் வீடியோவில் பதிவாக வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதி இல்லை. உள்ளூர் மொழியில் கட்டாயமாகத் தர வேண்டியது சுருக்கம் மட்டுமே. திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று சொல்லும், நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும் மூல அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் போதும். மணல் எந்தப் பக்கம் நகரும், கரை எவ்வளவு அரிக்கும், தூர்வாரிய சேற்றை எங்கே கொட்டுவார்கள் என்பதெல்லாம் சுருக்கத்தில் ஒரு வரி, மூலத்தில் பல பக்கம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால், "அறிக்கையில் இருக்கிறதே" என்று பதில் வரும். எழுப்பிய கேள்விகளுக்கு ஏற்ப அறிக்கையைத் திருத்தி நிறுவனம் டெல்லியில் இருக்கும் நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி சொல்கிறது. கேள்வி கேட்டவர்களை மறுபடி கூட்டி "நீங்கள் சொன்னதில் இதை ஏற்றோம், இதை ஏற்கவில்லை, காரணம் இது" என்று சொல்லும் இரண்டாவது கூட்டம் விதியில் இல்லை. நோட்டுப் புத்தக விழாவில் அந்த அம்மாவுக்கு நடந்ததைத்தான் சட்டமும் பெரிய மேடை போட்டுச் செய்கிறது.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் ஒரு சீனக் கப்பல் நிறுவனத்துக்கு முனையம் கட்டிக்கொடுத்தபோது, பக்கத்தில் இருந்த சான் பெட்ரோ குடியிருப்பாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் 2001-ல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் வேலையை நிறுத்தியது, 2003-ல் ஐந்து கோடி டாலர் ஒப்பந்தம் வந்தது. கரையில் நிற்கும் கப்பல் தன் டீசல் எஞ்சினை அணைத்துவிட்டுக் கரை மின்சாரத்தில் இயங்க வேண்டும் என்பது உட்படப் பல நிபந்தனைகள். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளில் சிலவற்றைச் செய்யவில்லை என்று 2015-ல் வெளிவந்தது. அதை வைத்து மக்களால் கேள்வி கேட்க முடிந்ததுதான் விஷயம். என்ன வாக்குறுதி என்பது எழுத்தில் இருந்தது, அவர்கள் மொழியில் இருந்தது.

பாடு

துறைமுகங்கள் ஊரோடு பேசக் கற்றுக்கொள்ள லாஸ் ஏஞ்சலிஸ் வரை போக வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியில் தலைமுறைகளாகப் பாடு முறை இருக்கிறது. இறால் கிடைக்கும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. அதனால் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு வேறொரு நாள் சுமாரான இடம். முறை தவறியவரை ஊர் கேட்கும், அவர் பதில் சொல்லியாக வேண்டும். தண்ணீர் எல்லோருக்கும் பொது, அதில் ஒருவர் செய்வது மற்றவரைத் தொடும் என்ற அறிவின் மேல் கட்டிய ஏற்பாடு இது. கடலின் இரண்டு பக்கமும் சுவர் நீட்டி, அடியைத் தோண்டி, கப்பல் பாதைக்குள் மீனவப் படகு வரக் கூடாது என்று சொல்லும் நிறுவனம், அதே பொதுத் தண்ணீரில் தானும் ஒரு பங்காளி என்று நினைத்திருந்தால், பாடு பேசும் இடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்க வேண்டாமா? எங்கள் கப்பல் இந்தத் தேதியில் வருகிறது, இந்த வாரம் தோண்டுகிறோம், உங்களுக்கு எது இடைஞ்சல் என்று கேட்டிருக்க வேண்டாமா?

பாடு முறையை நான் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. அதற்கு வெளியே நிற்பவர்கள் உண்டு. பெண்களுக்கு அதில் இடம் இல்லை. சதுப்பில் இறங்கி, பறி என்கிற ஓலைக் கூடையை வாயில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் இல்லை. இவர்களுக்குப் படகில்லை, வலையில்லை. படகையும் சங்க உறுப்பினர் அட்டையையும் வைத்துப் பாதிப்பைக் கணக்கெடுத்தால் அந்தக் கணக்கில் இவர்கள் வரவே மாட்டார்கள். எண்ணெய் வந்தபோதும், அனல் மின்நிலையச் சாம்பல் நீர் கழிமுகத்தில் கலந்தபோதும், உடம்போடு அதில் நின்றவர்கள் இவர்கள்தான். "ஊர்த் தலைவரிடம் பேசிவிட்டோம், ஊர் ஒத்துக்கொண்டது" என்று ஒரு நிறுவனம் சொன்னால், இவர்களிடம் பேசினீர்களா என்பதுதான் என் அடுத்த கேள்வி.

வேலை விஷயத்தைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. துறைமுகத்துக்காக இடம் மாறிய காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் நிரந்தர வேலை கேட்டுப் பலமுறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். காண்ட்ராக்ட் வேலை, வருஷக் கணக்கில் காண்ட்ராக்ட் வேலை. சிலர் இதைப் பார்த்துவிட்டு, "இவர்கள் துறைமுகத்தை எதிர்க்கிறார்களா, துறைமுகத்தில் வேலை கேட்கிறார்களா?" என்று கேட்கிறார்கள். இரண்டையும்தான். கரையைப் பறிகொடுத்தவர் சம்பளம் கேட்பதிலும், பறிகொடுக்காத பக்கத்து ஊர்க்காரர் கரையைக் காக்க நிற்பதிலும் என்ன முரண் இருக்கிறது? ஒரே குடும்பத்தில் அண்ணன் உள்ளே கப்பலில் பெட்டிகளைக் கட்டும் லாஷிங் வேலை பார்ப்பதும் தம்பி வெளியே கொடி பிடிப்பதும் இங்கே புதிதில்லை.

செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய ஒவ்வொரு நிறுவனமும் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று ஆறு மாதத்துக்கு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும்; ஜூன் 1, டிசம்பர் 1 என்று தேதியே இருக்கிறது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இணையத்தில் எங்கோ ஏற்றப்படுகிறது. அதைத் தமிழில் எழுதி, வருஷத்துக்கு இரண்டு முறை குப்பத்துக்கு வந்து வாசிக்கட்டும். நோட்டுப் புத்தகம் கொடுக்க வரும் அதே ஷாமியானாவில் வாசிக்கலாம். வாசிப்பவர் கொடை கொடுக்கும் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. கடலைத் தோண்டும் முடிவையும் நிறுத்தும் முடிவையும் எடுப்பவராக இருக்க வேண்டும். அவர் பெயரும் போன் நம்பரும் ஊர்ப் பலகையில் இருக்க வேண்டும். கசிவு, மோதல், தீ எதுவானாலும் பத்திரிகைக்குப் போவதற்கு முன்னால் அந்த நம்பரிலிருந்து ஊருக்கு அழைப்பு வர வேண்டும். முழுதாகத் தெரியாவிட்டால் "இன்னும் தெரியவில்லை, கடலுக்குப் போக வேண்டாம்" என்று சொல்லட்டும். 2017-ல் அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

காட்டுப்பள்ளிக் கூட்டம் மறுபடி என்றைக்காவது அறிவிக்கப்பட்டால், முழு அறிக்கையும் தமிழில் கைக்கு வராமல் அதை நடத்த விடக் கூடாது என்பது என் எண்ணம். கூட்டத்தைக் கலெக்டர் அலுவலகத்துக்குத் தோதான நேரத்தில் வைக்கவும் கூடாது. காலை பதினொரு மணி என்று போடுவதற்கு முன்னால், அன்றைக்கு ஆற்றில் நீர் எப்போது வற்றும் என்று விசாரிக்க வேண்டும். கையால் இறால் பிடிக்கும் பெண்கள் அந்த நேரத்தில்தான் சேற்றில் இறங்குகிறார்கள். அதைச் சொல்ல நிபுணர் குழு தேவையில்லை, அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.